காளான் சாறும் பரீட்சையும்

(சின்னசேலத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காளான். காளானைப்பற்றி மேடையேறிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் காளான் பொடி, காளான் சாறு, காளான் மாத்திரை என்பவைகளைச் சர்வரோக நிவாரணியாக விற்கும் காலம் இது. பெண்களின் வெள்ளைப்பாட்டுக்கும், குழந்தைகளின் நாக்கில் படியும் வெண்மாவுக்கும்கூட அது கைகண்ட மருந்து என்கிறார்கள். இது மெய்யா, பொய்யா என்று தெரிந்துகொள்ளும் வழி என்ன என்பதுதான் என் பேச்சு.

முதலில் வியாதியைப் பார்ப்போம். கள்ளைப் புளிக்க வைப்பதும் ரொட்டியை உப்ப வைப்பதும் ஈஸ்டு என்னும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. அதன் இனத்தைச் சேர்ந்த காண்டிடா என்பது நம் வாயிலும் குடலிலும் பெண்குறியிலும் சாதாரணமாகவே குடியிருக்கிறது. சர்க்கரை வியாதியாலோ, கர்ப்பத்தாலோ, கிருமிக்கொல்லி மருந்துகளை நெடுநாள் தின்பதாலோ உடம்பின் நிலை மாறினால், அது அளவுக்கு மிஞ்சிப் பெருகி அரிப்பும் எரிச்சலும் உண்டாக்குகிறது. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு முறையாவது இது வரும் என்று வைத்திய நூல்கள் கணக்கிடுகின்றன. இவ்வளவு சாதாரணமான நோயை நம் பெண்கள் வெளியில் சொல்லவே கூசுகிறார்கள். கால் வலித்தால் சொல்லலாம், காது வலித்தால் சொல்லலாம், இதைச் சொன்னால் மட்டும் மானம் போய்விடுமாம்! இந்தக் கூச்சத்தைத்தான் மந்திரிப்பவனும் போலி மருந்து விற்பவனும் முதலாக வைத்துப் பிழைக்கிறார்கள்.

நிற்க. காளான் பூஞ்சையைக் கொல்லும் என்பது வெறும் புரட்டா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. காளானும் பூஞ்சை வர்க்கந்தான். மக்கின மரத்திலும் சருகிலும் உணவுக்காக ஒன்றோடொன்று போட்டியிடும் பூஞ்சைகளில் சில, எதிரியை ஒழிக்க நஞ்சைச் சுரக்கின்றன. ஜெர்மனியில் ஆங்கே, ஸ்டெக்லிஷ் என்ற இரு அறிஞர்கள், பைன் மரக் காயின்மேல் முளைக்கும் ஒரு சிறு காளானிலிருந்து ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருளைப் பிரித்து 1977-ல் வெளியிட்டார்கள். அது ஈஸ்டையும் பூஞ்சணத்தையும் மூச்சுவிட முடியாமல் செய்துவிடும். ஆனால் வெயிலில் கெட்டுப்போயிற்று. ஆகவே ரசாயன நிபுணர்கள் அதன் அமைப்பை மாற்றிப் பயிர் மருந்தாக்கினார்கள். நம் விவசாயிகள் கடையில் வாங்கித் தெளிக்கும் அசாக்ஸிஸ்ட்ரோபின் அந்த வமிசத்தைச் சேர்ந்ததுதான். அது பயிருக்கு மருந்தாயிற்றே தவிர, மனிதரின் ஈஸ்டு நோய்க்கு மருந்தாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏன் என்றால், தட்டில் ஈஸ்டைக் கொல்வது வேறு, உடம்பில் நோயைத் தீர்ப்பது வேறு. ஆராய்ச்சிசாலையில் கூழ்போன்ற உணவைத் தட்டில் ஊற்றி, ஈஸ்டைத் தடவி, நடுவில் குழிசெய்து காளான் சாற்றை விடுகிறார்கள். சாறு வேலை செய்தால் குழியைச் சுற்றி ஈஸ்டு முளைக்காத ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் படத்தைக் காட்டியே வியாபாரம் நடக்கிறது. ஆனால் அந்தச் சாற்றை எதில் எடுத்தார்கள்? பெரும்பாலும் மெத்தனால் போன்ற சாராய வகையில். சாராயம் தானே ஈஸ்டைக் கொல்லுமே! ஆகவே பக்கத்தில் வெறும் சாராயத்தை மட்டும் விட்ட குழி ஒன்று இருந்தாக வேண்டும். தெரிந்த மருந்தை விட்ட குழியும் இருந்தாக வேண்டும். இவை இல்லாத வட்டத்துக்கும் ஜோசியன் போடும் கட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

வட்டம் மெய்யாகவே இருந்தாலும் போதாது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாண சுகாதார இலாகாவில் வேலை பார்த்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகளின் கதையைக் கேளுங்கள். ஒருவர் நியூயார்க் நகரில், மற்றவர் ஆல்பனியில். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த பொருள்களைத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிப் பரீட்சித்தார்கள். பூஞ்சையைக் கொன்ற பொருள்களில் அநேகமாக எல்லாமே பரீட்சைப் பிராணிகளையும் கொன்றன! தட்டில் ஜெயித்ததை எல்லாம் மருந்தென்று விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்கள் சலிக்காமல் தேடி, 1950-ல் நிஸ்டாட்டின் என்ற மருந்தை உலகுக்குக் கொடுத்தார்கள். வாயிலும் பெண்குறியிலும் வரும் ஈஸ்டு நோய்க்கு அது இன்றும் பயன்படுகிறது. அதனால் வந்த 1 கோடியே 30 லட்சம் டாலர் உரிமைப் பணத்தையும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டார்கள்.

கடைசியாக மனிதரிடம் பரீட்சை. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாறும் மறு பாதிக்கு வழக்கமான மருந்தும் தரவேண்டும். எது யாருக்கு என்பது கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியக்கூடாது. நம்பிக்கையாலும் நாளானதாலும் தானாகவே குறையும் நோயை மருந்தின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எந்தக் காளான் சாறும் இந்தப் படியைக் கடந்து ஈஸ்டு நோய்க்கு ஆஸ்பத்திரி மருந்தாக இன்னும் வரவில்லை.

பரீட்சையே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. பரீட்சை இன்னும் தேவை. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் ஜாபிதாவில் காண்டிடா வகைகள் இரண்டு முதல் வரிசையில் இருக்கின்றன. பழைய மருந்துகளுக்கு அடங்காத வகையும் பரவுகிறது. கல்வராயன் மலைக் காளானில் நல்ல மருந்து ஒளிந்திருந்தால் அதை அறிஞர்கள் ஆராயட்டும். மலைவாசிகளின் அனுபவத்தையும் மரியாதையோடு கேட்கட்டும். ஆனால் “பாட்டன் சொன்னான்” என்பதும் ஆதாரமல்ல, “ஆராய்ச்சியில் கண்டது” என்ற விளம்பரமும் ஆதாரமல்ல. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று பாட்டன்தான் சொன்னான். புற்றுக்குள் கறையான் வளர்க்கும் பூஞ்சை மழை ஈரத்தில் தலைநீட்டுகிறது என்பதைப் பரீட்சைதான் சொல்லிற்று.

பெண்களின் நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருந்து என்ன பயன்? வாங்குகிறவன் கேள்வி கேட்டால்தான் விற்கிறவன் பயப்படுவான். யாரிடம் பரீட்சித்தாய், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டாய் என்று கேளுங்கள்.

தாய்மார்களே! வெள்ளைப்பாடு எல்லாம் ஈஸ்டு அல்ல. வேறு காரணங்களும் உண்டு. ஆகையால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கூசாமல் சொல்லுங்கள். ஈஸ்டு என்று தெரிந்தால் க்ளோட்ரிமசோல் போன்ற பரீட்சித்த மருந்துகள் இருக்கின்றன. தோழர்களே! வீட்டில் ஒரு பெண் இதைச் சொன்னால் முகஞ்சுளிக்காமல் அவளை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.