தேனீ இல்லாமல் காய் ஏது?

(சேதராப்பட்டு விவசாயிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

 

உர விலைக்கும் கொள்முதல் விலைக்கும் பல போராட்டம் பார்த்தவர்கள் நாம். இன்றைக்குத் தேனீக்காகப் பேச வந்திருக்கிறோம். "பூச்சிக்கெல்லாம் ஒரு போராட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். கணக்கைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, தர்பூசணிக்கு ஆண் பூ வேறே, பெண் பூ வேறே. மகரந்தத்தைச் சுமந்து வர ஆள் வேணும். கூலி வாங்காமல் அதைச் செய்வது தேனீ. அது வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். தப்பிய காயும் கோணலாகும். கோணல் காயை மார்க்கெட்டில் எவன் வாங்குவான்? சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் மருந்தடித்துத் தேனீ குறைந்துபோய், பேரி மரத்தில் ஏறிப் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் தடவ நேர்ந்தது. இங்கே களையெடுக்கவே ஆளில்லை. பூவுக்கும் கூலி கொடுக்க நம்மால் ஆகுமா?

அரசு என்ன செய்தது? தேசிய தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 2020-ல் மூன்று ஆண்டுகளுக்கென்று 500 கோடி ரூபாய் அறிவித்தது மத்திய அரசு. நல்லதுதான். ஆனால் பெட்டியிலிருந்து பறக்கும் தேனீ எந்தப் பூவில் போய் உட்காருகிறது? இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் மருந்துகள் செடியின் சாற்றோடு ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் சேருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளிப் பயிருக்குத் தடை செய்தது. நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. தேனீக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையோ பொடி எழுத்தில் கிடக்கிறது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் விஷம். இது என்ன கொள்கை?

பெட்டித் தேனீ மட்டுமா தேனீ? பொந்தில் கொசுத்தேனீ, பட்ட மரத்தில் கருவண்டு, வரப்பு மண்ணில் வளை தோண்டும் தேனீ, இவையும் நமக்கு உழைக்கின்றன. பக்கத்து ஊசுடு ஏரியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், வரவேற்கிறோம். வரப்பிலிருக்கும் உயிருக்கு யார் பாதுகாப்பு? தொழிற்பேட்டையும் மனைப்பிரிவும் உயிர்வேலியைத் தின்றன. மிச்ச வரப்பைக் களைக்கொல்லி கருக்குகிறது.

பழியை விவசாயி தலையில் கட்டாதீர்கள். அதிகாரி வயலுக்கு வராவிட்டால் மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு.

"எங்களுக்கு அதிகாரமில்லை" என்பார்கள். இருக்கிறது! 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, மனிதருக்கோ பயன்தரும் பிராணிகளுக்கோ ஆபத்தென்றால் மாநில அரசே 60 நாள் விற்பனையை நிறுத்தலாம். தற்கொலைகளைத் தடுக்க 2023 தொடக்கத்தில் ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு 60 நாள் நிறுத்தியது. புதுச்சேரியின் கையை யார் கட்டியது?

நமது கோரிக்கைகள்:

1. தேனீயைக் கொல்லும் மருந்துகளைப் பூக்கும் பருவத்தில் விற்கத் தடை போடு!

2. பூத்த பயிரில் காலையில் தெளிக்காதே என்ற எச்சரிக்கையைக் கடைதோறும் தமிழில் பெரிய எழுத்தில் வை!

3. வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கும் மானியம் கொடு!

4. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் புங்கன், நாவல், வேம்பு நடு! வரப்பில் பூச்செடி வளர்ப்போருக்கு ஊக்கத்தொகை கொடு!

5. மருந்தைக் குறைத்து மகசூல் இழந்தால் ஈடு கொடு!

இவை சலுகையல்ல, விளைச்சலுக்கான உரிமை. வேளாண் துறை வாசலுக்கு வீட்டுக்கொருவர் வாருங்கள்!

பூவைக் காப்போம்! காயைக் காப்போம்! விவசாயி ஒற்றுமை ஓங்குக!