மணலை அளந்து பாருங்கள்!



வெள்ளம் வடிந்தால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பட்டணத்தார் நினைக்கிறார்கள். விவசாயிக்கோ கஷ்டம் அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. பயிர் போனால் ஒரு போகம் போயிற்று. நிலமே மணலுக்கடியில் போனால் பிழைப்பே போயிற்று அல்லவா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நடந்ததைப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யும் மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்தில் வாழையும் நெல்லும் மூழ்கின. வயலில் மணல் மேடிட்டது. "தலைவிதி" என்று உட்கார்ந்திருந்தால் மணல் தானாக எழுந்து போய்விடுமா?

சர்க்கார் உதவி இல்லையா என்பீர்கள். 2022 முதல் 2026 வரைக்கு வகுத்த நிவாரண விதிப்படி, மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதாவது ஏக்கருக்குச் சுமார் 7,300 ரூபாய். கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் மூன்று அங்குல மணல் என்றால் சுமார் 10,900 கன அடி. டிராக்டருக்கு 100 கன அடி வீதம் 109 நடை. நடைக்கு 67 ரூபாய்! இதில் டீசலுக்கு எது? அள்ளுகிறவன் கூலிக்கு எது?

ஆகையால் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். முதலாவது, அள்ளுமுன் அளவுங்கள். வயலில் நாலைந்து இடத்தில் குழி தோண்டி, அதிகாரி முன்னிலையில் ஆழத்தை எழுதி வாங்குங்கள். இரண்டாவது, குத்தகைக்காரன் பெயரை அடங்கலில் ஏற்றச் செய்யுங்கள். உழுதவன் ஒருவன், பணம் வாங்குகிறவன் வேறொருவன் என்பது என்ன நியாயம்?

மூன்றாவது, ஈரம் காயாமல் டிராக்டரை இறக்காதீர்கள், மண் இறுகிப்போகும். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் பொறுத்திருங்கள். மெல்லிய வண்டல் படிந்திருந்தால் அது உரம்; உழுது கலந்துவிடுங்கள். கனத்த மணலை மட்டும் அள்ளுங்கள். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள்.

தனியாக ஒருவனால் இவ்வளவும் ஆகாது. ஊர் கூடி, சிறிய நிலக்காரன் வயலிலிருந்து தொடங்குங்கள். ஆனால் நிலமற்ற கூலித் தோழனிடம் "ஊர்ச் சேவை" என்று இலவச வேலை வாங்காதீர்கள். வெள்ளத்தில் அவன் கூலியும் போயிற்று என்பதை மறவாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.