குகையும் ஏரியும்

காஞ்சியின் தறிகளில் பறவைகளுக்குக் குறைவில்லை. சேலைக் கரையில் அன்னங்கள் அணிவகுத்துச் செல்லும். முந்தானையில் மயில் தோகை விரிக்கும். அச்சேலைகளை வாங்கவும், காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசிக்கவும் வெளியூரார் நாள்தோறும் வருகின்றனர். பட்டையும் கோயிலையும் கண்டதும், காஞ்சியைக் கண்டாயிற்று என்று திரும்பிவிடுகின்றனர். ஒரே நாளில் சென்று மீளக்கூடிய தொலைவில் பழம்பெருங் குகைகளும், உயிருள்ள பறவைகளின் உறைவிடமும் உள்ளன என்பதைப் பலர் அறியார். அவ்விரண்டைப் பற்றி இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

வந்தவாசி செல்லும் சாலையில் பாலாற்றைக் கடந்து தூசியை அடைந்தால், மாமண்டூர் அருகிலேயே இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பெயரோடு இணைந்த குடைவரைகள் அங்கு உள்ளன. பருத்த தூண்கள் அடியிலும் முடியிலும் சதுரமாகவும் இடையில் எட்டுப் பட்டையாகவும் நிற்கின்றன. சிதைந்த கல்வெட்டு ஒன்றில், அம்மன்னன் இயற்றிய ‘மத்தவிலாசம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தின் பெயர் காணப்படுகிறது. குன்றை அடுத்துள்ள பேரேரி, பழைய சாசனங்களில் சித்திரமேக தடாகம் எனப்படுகிறது.

குன்றின் அருகே ஏரி அமைந்தது தற்செயலன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் பாலாற்றை மட்டும் நம்பித் தொண்டைமண்டலத்தார் உழவு செய்ய இயலாது. ஆகவே, மழைநீரைக் கரை கட்டித் தேக்கினர். அத்தகைய ஏரிகளுள் ஒன்றே பறவைகளின் தாய்வீடாகிய வேடந்தாங்கல்.

காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் அவ்வூர் வரும். ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிறைந்ததும், நீரில் நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு தீவாகின்றன. அத்தீவுகளில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருப்பதால் தரைப் பகைவர்கள் எளிதில் அணுக முடிவதில்லை.

இப்பறவைகளை முதலில் காத்தவர்கள் உழவர்களே. பகலெல்லாம் வயல்களிலும் நீர்நிலைகளிலும் மீனும் நத்தையும் தின்று மாலையில் திரும்பும் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. அந்நீர் வயலுக்குப் பாயும்போது உரமும் உடன் பாய்கிறது. இதனை அனுபவத்தால் அறிந்த ஊரார், ஆங்கிலச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது வாளாவிருக்கவில்லை. கலெக்டரிடம் முறையிட்டனர். அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருப்பதையும் அவ்வூரார் வழக்கமாகக் கொண்டனர். பிள்ளைகளின் ஆசையை அடக்கிப் பறவைக் குஞ்சுகளின் அச்சத்தைப் போக்குவது எளிய தியாகமா?

1998ஆம் ஆண்டு அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் அளவு சரணாலய எல்லையாயிற்று. 2020இல் அவ்வெல்லையின் காப்பைக் குறைக்கும் யோசனை எழுந்தது. எதிர்ப்பு வலுத்தபின் கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியல் மட்டும் ஏரியைக் காவாது. ஏரியில் மட்டும் பறவை வாழ்வதில்லை; கூட்டிலுள்ள குஞ்சுக்கு இரை சுற்றுவட்டார வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் வரவேண்டும். அவை நஞ்சானால், காவல் நிறைந்த ஏரியிலும் கூடுகள் வெறுமையாகும்.

ஆதலின், மார்கழியிலோ தையிலோ காஞ்சிக்கு வரும் அன்பர்கள் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள். காலையில் மாமண்டூரைப் பாருங்கள். தூணில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். மாலையில் வேடந்தாங்கல் கரையில் ஓசையின்றி நில்லுங்கள். வானம் சிவக்கும் வேளையில் பறவைகள் கூட்டங் கூட்டமாக வந்து இறங்கும். அக்காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது, கௌல் வாங்கிய உழவர்களின் கதையையும் மறவாமல் சொல்லுங்கள்.