பிறந்தாத்துச் சொத்தில் பங்கு உண்டா?

ஆனேக்கலில் நில விலை ஏறியதிலிருந்து, வக்கீல் என்பதால் மாமிகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எனக்கு எப்பவோ கல்யாணம் ஆயிடுத்தே, பூர்வீக சொத்தில் பங்கு உண்டா?"

கர்நாடகம் 1994-லேயே பெண்ணுக்குச் சமபங்கு தந்தது; அதற்கு முன் மணமானவளுக்கு மட்டும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓசூரிலும் இதே கதைதான், வருஷம் 1989. இந்தப் பேதத்தை 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் நீக்கியது.

ஆனால் 2015-ல், கர்நாடகத்திலிருந்து போன பூலாவதி வழக்கில், 9-9-2005 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது சுப்ரீம் கோர்ட். ஒரு நாள் முன்னால் அவர் காலமாகியிருந்தால் அண்ணாவுக்குச் சமமான பங்கு கிடையாது! 2018-ல் தானம்மா வழக்கில், அதுவும் நம் கர்நாடகம்தான், 2001-லேயே தகப்பனாரை இழந்த பெண்களுக்கு அதே கோர்ட் பங்கு கொடுத்தது. குழப்பம் தீர்ந்தது 11-8-2020 அன்று, வினீதா சர்மா தீர்ப்பில்: உரிமை பிறப்பால் வருவது, தகப்பனார் இருந்தாரா என்ற கேள்வியே இல்லை.

20-12-2004-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இது தொடாது. வாய்வழியாகப் பிரித்தோம் என்றால் கோர்ட் எளிதில் நம்பாது.

விட்டுக்கொடுப்பது அவரவர் இஷ்டம். அண்ணா காபியோடு விடுதலைப் பத்திரத்தையும் நீட்டினால், காபியை முதலில் குடியுங்கள். பத்திரத்தை ஆத்துக்கு எடுத்துவந்து படியுங்கள். பதிவான பிறகு அதை ரத்து செய்வது லேசல்ல.