மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார்?

(தொழிலாளர் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மோட்டார் காரைக் கண்டுபிடித்தவர் யார் என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், "கார்ல் பென்ஸ், 1886" என்று ஒரே மூச்சில் விடை வரும். தேர்வுக்கு அது போதும். ஆனால் இந்த ஒரு கேள்வியின் பேரில் நீதிமன்றத்தில் பல்லாயிரம் பக்கங்களில் சாட்சியம் பதிவாயிற்று. ஓர் அரசு கலைக்களஞ்சியங்களைத் திருத்தி எழுதச் சொன்னது. ஒரு நகரத்தில் நினைவுச்சின்னம் பெயர்த்தெடுக்கப்பட்டது. இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இடம்பெறுவதில்லை. ஒரு பெயர் எழுதப்பட்டதும் இன்னொரு பெயர் அழிக்கப்பட்டதும் யாருடைய நலனுக்காக என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

தன் ஆற்றலால் தானே நகர்ந்த முதல் வண்டி பயணிகளுக்காகச் செய்யப்பட்டதன்று. பீரங்கி இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூன்யோ 1769-இல் சிறிய மாதிரி ஒன்றையும், 1770-இல் முழு அளவிலான நீராவி வண்டியையும் உருவாக்கினார். மூன்று சக்கரங்கள், முன்சக்கரத்துக்கும் முன்னால் பெருங்கொதிகலன். நடந்து போகிறவன் அதை எளிதில் முந்திவிடலாம். நீராவி தீர்ந்து அடிக்கடி நின்றுவிடும். ஆதரித்த போர் அமைச்சர் பதவி இழந்ததும் திட்டமும் படுத்துவிட்டது. பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் அந்த வண்டி இன்றும் நிற்கிறது.

அடுத்து பிரிட்டன். 1801-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கார்ன்வால் சுரங்கப் பகுதியில் டிரெவிதிக் தமது நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினார். 1830-களில் லண்டனில் ஹான்காக்கின் நீராவிப் பேருந்துகள் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிச் சென்றன. 1831-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆராய்ந்து, இவ்வண்டிகள் பாதுகாப்பானவை, இவற்றின்மீது விதிக்கப்படும் சுங்கம் நியாயமற்றது என்றே அறிக்கை தந்தது. பயன் என்ன? சாலைச் சுங்க அறக்கட்டளைகள் குதிரை வண்டிக்கு வாங்குவதைப் போல் பல மடங்கு வசூலித்தன. அவற்றின் பின்னால் குதிரை வண்டி முதலாளிகளின் நலனும், பிறகு இரயில்வே மூலதனத்தின் நலனும் நின்றன. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் வேகத்தை நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று கட்டுப்படுத்தியது. வண்டிக்கு மூவர் வேண்டும்; அவர்களில் ஒருவர் 60 கஜம் முன்னால் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும். (சிவப்புக் கொடி ஏந்தி முன்னே நடக்கும்படி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது வரலாற்றில் அந்த ஒரு தடவைதான்!) 1896 வரை அந்தத் தளை முழுமையாக அகலவில்லை. அறிவுக் குறைவால் அன்று, சொத்துடைமையின் தடையால் ஒரு தொழில்நுட்பம் இரண்டு தலைமுறைக் காலம் முடங்கியது.

இனி எண்ணெய் இயந்திரம். உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் என்னும் நான்கு கட்டங்களில் இயங்கும் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரத்தின் கொள்கையை 1862-இலேயே பிரெஞ்சுக்காரர் போ தெ ரோஷா எழுதி வைத்துவிட்டார். அவர் இயந்திரம் செய்யவில்லை. 1876-இல் அதைச் செய்து ஓட்டிக் காட்டியவர் ஜெர்மானியர் நிக்கோலாஸ் ஆட்டோ. அவர் காப்புரிமை பெற்று மற்றவர்களைத் தடுத்தபோது, போட்டி நிறுவனங்கள் ரோஷாவின் பழைய எழுத்தைத் தேடி எடுத்து நீதிமன்றத்தில் வைத்தன. 1886-இல் ஜெர்மனியில் ஆட்டோவின் அந்த உரிமை ரத்தாயிற்று. அதே ஆண்டு ஜனவரி 29 அன்றுதான் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு மனுச் செய்தார். அதில் இருந்ததும் ஃபோர் ஸ்ட்ரோக் இயந்திரமே. ஒரு வேலி உடைந்த வேளையில் வந்த காருக்கு உடனே இன்னொரு வேலி போடப்பட்டது.

பென்ஸின் காப்புரிமையில் இருப்பது ஒரு பெயர். ஆனால் தொடக்கத்தில் தகராறு செய்த கூட்டாளியை விலக்கிப் பட்டறையைக் காப்பாற்றியது, பெர்த்தா என்னும் பெண் திருமணத்துக்கு முன்பே கொண்டுவந்த சீதனப் பணம். 1888 ஆகஸ்டில், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டிச் சென்றதும் அவர்தான். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். தேய்ந்த பிரேக்குக்கு வழியில் ஒரு சக்கிலித் தொழிலாளியிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார். சோதனை ஓட்டம், பழுது பார்த்தல், விளம்பரம் மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்தவரின் பெயர் காப்புரிமையில் இல்லை. இன்னொரு பக்கம், கான்ஸ்டாட்டில் டைம்லரும் மைபாக்கும் தனியே அதே 1886-இல் நான்கு சக்கர மோட்டார் வண்டியை ஓட்டினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளில் தனியொரு மனிதருக்கு உரியவை எவ்வளவு சொற்பம் என்பதை, தொழில்நுட்பத்தின் விமர்சனபூர்வமான வரலாறு ஒன்று எழுதப்பட்டால் அது மெய்ப்பிக்கும் என மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியின் அடிக்குறிப்பு ஒன்றில் சுட்டினார். அடுத்த நூற்றாண்டுக்கும் அது பொருந்துகிறது.

வியன்னாவுக்கு வருவோம். ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் 1831-இல் பிறந்து வியன்னாவில் பட்டறை நடத்தியவர் சீக்ஃப்ரீட் மார்க்குஸ். 1870 வாக்கில் ஒரு தள்ளுவண்டியில் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார். பின்னர் முழுமையான கார் ஒன்றையும் உருவாக்கினார். அது வியன்னாவின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆஸ்திரியாவில் அவரே கண்டுபிடிப்பாளராகக் கொண்டாடப்பட்டார். தொழில்நுட்பக் கல்லூரி முன்னே நினைவுச்சின்னமும் எழுந்தது. 1938-இல் ஹிட்லரின் படைகள் புகுந்ததும் அது அகற்றப்பட்டது. 1940-இல் பெர்லினின் பிரச்சார அமைச்சகம் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மாயர், பிராக்ஹவுஸ் ஆகிய இரண்டு பெரும் கலைக்களஞ்சியங்களிலும் இனி மார்க்குஸின் பெயர் இராது, டைம்லரும் பென்ஸுமே நவீன மோட்டார் வாகனத்தைப் படைத்தவர்களாகக் குறிக்கப்படுவர் என்பது அதன் சாரம். இறந்து நாற்பது ஆண்டு கடந்த ஒரு பொறியாளரும் பாசிசத்துக்கு எதிரியாகத் தெரிந்தார்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அருங்காட்சியகத்திலுள்ள அந்தக் கார் 1875-இல் செய்யப்பட்டது என்றே ஆஸ்திரியாவில் நெடுங்காலம் பெருமையோடு சொல்லி வந்தார்கள். பிற்கால ஆய்வு அது 1888-89-ஐச் சேர்ந்தது என்று காட்டிவிட்டது. அதாவது பென்ஸுக்குப் பிந்தியது. நாஜிகள் அழித்தார்கள் என்பதற்காகத் தவறான தேதியைக் கட்டிக்காக்க வேண்டியதில்லை. மார்க்குஸுக்கு இழைக்கப்பட்டது இன வெறியின் அநீதி. 1875 என்பது தேசியப் பெருமிதத்தின் பிழை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க முடியாது. நினைவுச்சின்னம் போருக்குப் பின் 1948-இல் மீண்டும் நிறுவப்பட்டது.

எல்லாவற்றையும் விட விந்தையானது அமெரிக்கக் கதை. ராச்செஸ்டர் நகரத்தின் ஜார்ஜ் செல்டன் தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் பிரேட்டன் என்பவரின் இயந்திரத்தைக் கண்டார். அதே வகையில் சிறிய இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1879 மே 8 அன்று 'சாலை இயந்திரம்' ஒன்றுக்கு மனுச் செய்தார். வண்டி எதையும் செய்து ஓட்டவில்லை. காப்புரிமை வழங்கப்படும் நாளிலிருந்துதான் 17 ஆண்டுக் காலம் எண்ணப்படும் என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். ஆகவே அவர் அவசரப்படவில்லை. திருத்தம், மறுதிருத்தம் என்று பதினாறு ஆண்டுகள் மனுவை ஊறப்போட்டார். இதற்கிடையில் ஐரோப்பாவில் கார் பிறந்தது, அமெரிக்கப் பட்டறைகளிலும் ஓடத் தொடங்கியது. 1895 நவம்பர் 5 அன்று செல்டன் தமது காப்புரிமையைப் பெற்றுக்கொண்டார். ஒரு காரையும் ஓட்டாதவர், பெட்ரோல் கார் அனைத்துக்கும் சட்டப்படி தகப்பனானார்.

1899-இல் நியூயார்க்கின் நிதி முதலைகள் அந்த உரிமையைக் கைப்பற்றினார்கள். 1903-இல் உரிமம் பெற்ற கார் உற்பத்தியாளர்களின் சங்கம் அமைந்தது. ஒவ்வொரு காரின் விலையிலும் 1.25 சதவீதம் கப்பம். அதில் ஒரு சிறு பங்குதான் செல்டனுக்கு. பணத்தைவிட முக்கியமானது, யார் கார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. உரிமம் இல்லாத காரை வாங்குகிறவர்மீதும் வழக்குப் பாயும் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்து மிரட்டினார்கள். அப்படி ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹென்றி ஃபோர்டு. வழக்கு எட்டு ஆண்டுகள் நடந்தது. சாட்சியம் பதினாலாயிரம் பக்கங்களைத் தாண்டியது. 1879-இன் வரைபடத்தை வைத்து ஒரு வண்டியைப் புதிதாகச் செய்து, அதன் பக்கவாட்டில் '1877' என்று வண்ணத்தில் எழுதி நீதிமன்றத்துக்குக் காட்டினார்கள். அது செய்யப்பட்ட ஆண்டு 1907! வண்டி தடுமாறித் தடுமாறித்தான் ஓடியது. ஆனாலும் 1909-இல் தீர்ப்பு செல்டன் தரப்புக்கே கிடைத்தது. 1911 ஜனவரி 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. காப்புரிமை செல்லும், ஆனால் அது பிரேட்டன் வகை இயந்திரம் வைத்த வண்டிக்கு மட்டுமே செல்லும் என்றது. எல்லோரும் செய்துகொண்டிருந்ததோ ஆட்டோ வகை இயந்திரம். ஒரு வரியில் கப்பம் முடிந்தது.

ஏகபோகத்தை எதிர்த்த சிறு உற்பத்தியாளராக ஃபோர்டு அன்று போற்றப்பட்டார். அவர் வென்றது நல்லதே. ஆனால் பத்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதி அவருடையவை. 1913-இல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், ஒரு சேஸியைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஓராண்டுக்குள் 93 நிமிடங்களாகச் சுருங்கியது. அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தார்கள். 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைக்க அவ்வாண்டில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914-இன் புகழ்பெற்ற ஐந்து டாலர் கூலி இந்த நெருக்கடியின் விளைவே. அதைப் பெற, தொழிலாளியின் வீட்டுக்குள் புகுந்து ஒழுக்கத்தைச் சோதிக்கும் நிறுவன ஆய்வாளருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். 1932 மார்ச் 7 அன்று டியர்பார்ன் ஆலையை நோக்கி வேலையற்றோர் பசிப் பேரணி சென்றபோது, போலீசாரும் நிறுவனக் காவலர்களும் சுட்டதில் நால்வர் மாண்டனர். ஐந்தாமவர் பின்னர் காயத்தால் இறந்தார். 1938-இல், வியன்னாவில் மார்க்குஸின் நினைவுச்சின்னம் அகற்றப்பட்ட அதே ஆண்டில், ஹிட்லரின் அரசு ஃபோர்டுக்கு ஜெர்மன் கழுகு விருதின் பெருஞ்சிலுவையை அணிவித்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

காரின் வரலாற்றில் டயரை விட்டுவிடக் கூடாது. காற்றடைத்த டயருக்கு 1888-இல் டன்லப் காப்புரிமை பெற்றார். 1845-இலேயே தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதைப் பதிவு செய்திருந்தது தெரியவந்ததும் அது செல்லாமல் போயிற்று. அந்தத் தகராறு பலருக்குத் தெரியும். டயருக்கான ரப்பர் எங்கிருந்து வந்தது என்பது தகராறாகவே ஆகவில்லை. உலகில் மிக அதிகமாக ரப்பரைத் தின்றது அமெரிக்கக் கார்த் தொழில். மிக அதிகமாக விளைவித்தது பிரிட்டிஷ் மலாயா. அங்கே மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெருந்தொகையினர், கங்காணி முறையில் மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட தமிழர்கள்.

1941 ஏப்ரலில் ஃபோர்டின் ரூஜ் ஆலை பத்து நாள் வேலைநிறுத்தத்தில் நின்றது. கோடையில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக் கையெழுத்திட்டது. அதே மாதங்களில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் பள்ளி, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவர்கள் கேட்டவை. வழியில் துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தோட்டத் தொழிலாளர் ஐவர் இறந்தனர்.