சீட்டுப் பணத்துக்குக் காவல்



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சீட்டைப் பற்றித் தெரியாதவர் இல்லை. அண்டி ஆபீசில் பருப்பு உரிக்கும் பெண்கள் சீட்டு கட்டுகிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் கட்டுகிறார்கள். மகள் கல்யாணம், வீட்டுக் கூரை, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான்.

அந்தப் பணத்துக்கு யார் காவல்?

பாறசாலைக்கு அருகில் மத்தம்பாலை என்ற ஊர் இருக்கிறது. அது எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கே நிர்மல் கிருஷ்ணா என்ற தனியார் நிதி நிறுவனம் நடந்து வந்தது. கேரள மக்களும் தமிழ்நாட்டு மக்களும் அதில் பணம் போட்டார்கள். 2017 செப்டம்பரில் அது மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பல நூறு கோடி ரூபாய் முடங்கியது. மக்கள் பாஸ்புக்கோடு வாசலில் வந்து நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது.

அப்போது சட்டம் இல்லையா? இருந்தது. முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. கேரளத்தில் 2013இல் வந்தது. ஆனால் அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பணம் போன பிறகுதான் வேலை செய்கின்றன. போலீஸ் வரும், வழக்கு நடக்கும், சொத்து முடக்கப்படும். பணம் கைக்கு வர வருடங்கள் ஆகும். கல்யாண வயதில் நிற்கும் மகள் அதுவரை காத்திருக்க முடியுமா? அதனால்தான் பணம் போவதற்கு முன்பே அரசின் கண்காணிப்பு வேண்டும்.

சீட்டு நடத்துவதற்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அது முன்கூட்டியே காவல் வைக்கிறது. இருபது பேர் மாதம் 1,000 ரூபாய் கட்டும் சீட்டை எடுத்துக்கொள்வோம். சீட்டுத் தொகை 20,000 ரூபாய். அதைத் தொடங்கும் முன்பே நடத்துகிறவர் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணை கட்ட வேண்டும். அவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 1,400 ரூபாய். ஒப்பந்தத்தின் நகலைச் சீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டம் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரலில்தான். அதற்கு முன் கேரளத்துக்கு 1975ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருந்தது. அதிலிருந்து தப்பச் சில நிறுவனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. தொலைவில் அரியானா மாநிலத்து பரிதாபாத்தில் பதிவு செய்துகொண்டு, இங்கே சீட்டு நடத்தின. வேலி எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் ஆடு தாண்டும். எல்லை ஊர் மக்களுக்கு இது நன்றாகப் புரியும்.

வங்கிகளின் கதையும் இதுதான். 1960இல் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் தவித்தார்கள். அதன் பிறகு 1962இல் வங்கிப் பணத்துக்குக் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கி மூழ்கினால், அதில் போட்டவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தனியார் சீட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

"அரசு தலையிட்டால் தொழில் கெடும்" என்று சிலர் சொல்கிறார்கள். வீண் அலைக்கழிப்பு கூடாது என்பது சரிதான். ஆனால் கண்காணிப்பு இல்லாவிட்டால் நேர்மையாகச் சீட்டு நடத்துகிறவரும் கெடுகிறார். ஒருவர் ஏமாற்றினால் ஊரே எல்லாரையும் சந்தேகப்படும். தராசில் அரசு முத்திரை இருப்பது வாங்குகிறவருக்கும் நல்லது, விற்கிறவருக்கும் நல்லது.

அனுமதி இல்லாமல் மக்களிடம் முதலீடு திரட்டுவதை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் சிறை உண்டு. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் அதிகாரி தானாக வந்து நிற்க மாட்டார். மக்களும் கேட்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

அனுமதி தந்தது யார்? அரசா, ரிசர்வ் வங்கியா?

அனுமதி எண் என்ன?

ஒப்பந்த நகல் எங்கே?

பதில் காகிதத்தில் வரட்டும். அதை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சீட்டில் சந்தேகம் இருந்தால் பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடம் விசாரியுங்கள். தெரிந்தவர் ஆயிற்றே, எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர் தாமே எடுத்துக் காட்டுவார்.