கணினி உறைந்து நின்றால்



பால்மரம் வெட்டியும் செம்பனை அறுத்தும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு கணினி வாங்கி வைக்கிறோம். பாதிப் பாடம் எழுதிக் கொண்டிருக்கும்போதே அது சிலைபோல் நின்றுவிடுகிறது. "நீ என்னத்தைத் தட்டினாய்?" என்று நாம் பிள்ளையின்மேல் பாய்கிறோம். பிள்ளை பயந்துபோய்ச் சுவர் சுவிட்சை அணைத்துவிடுகிறது. இரண்டுமே வேண்டாத காரியங்கள்.

பிள்ளை தட்டியதால் கணினி உறைவது மிகவும் அரிது. 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் விழுந்தன. சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. படித்த பொறியாளர்கள் காக்கும் இயந்திரங்களுக்கே அந்தக் கதி!

கணினி ஏன் உறைகிறது? அதற்குள் இரண்டு வகை இடங்கள் உண்டு. தற்காலிக நினைவகம் கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றால் எழுதியது அழிந்துவிடும். வட்டு நோட்டுப் புத்தகம் போன்றது. ஒரே நேரத்தில் படம், பாட்டு, இணையப் பக்கங்கள் என்று பலவற்றைத் திறந்தால் கரும்பலகை நிரம்பிவிடுகிறது. உடனே கணினி கரும்பலகைக்கும் நோட்டுக்குமாக ஓடி ஓடி மாற்றி எழுதுகிறது. நமக்கு அது நின்றுவிட்டதுபோல் தெரிகிறது. ஆகவே முதல் மருந்து பொறுமை. ஐந்து நிமிடம் கைவைக்காமல் இருங்கள்.

பிறகு விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் மட்டுமே சிக்கியிருக்கிறது. அப்போது கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிக்கிய நிரலைத் தேர்ந்து, எண்ட் டாஸ்க் என்பதைச் சொடுக்கினால் போதும். இந்த மூன்று விசை முறையை ஐபிஎம் நிறுவனத்தில் டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்தார். தவறிக்கூட யாரும் அழுத்திவிடக் கூடாது என்றுதான் விசைகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். 1981-இல் வந்த அந்தக் கணினியில் அவற்றை அழுத்தினால் முழு இயந்திரமும் புதிதாகத் தொடங்கிவிடும். இன்றைய விண்டோஸில் ஒரு பட்டியல் மட்டுமே வரும். ஆகவே பயம் வேண்டாம்.

விளக்கும் அசையவில்லையா? மின் பொத்தானைப் பத்து விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இது கடைசி வழி. திரையில் அப்டேட் என்று விழுக்காடு ஓடிக் கொண்டிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரே எண்ணில் வெகுநேரம் நின்றாலும் உள்ளே வேலை நடக்கக்கூடும்.

மீண்டும் தொடங்கியதும், வேர்ட் நிரல் "மீட்கப்பட்ட கோப்பு" என்று எதையாவது காட்டினால் மூடிவிடாமல் உடனே சேமியுங்கள். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே ஒரு படியை ஒதுக்கி வைக்கிறது. ஆயினும் அதை நம்பியிராமல், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நாங்கள் வகுப்பில் இதை வாய்ப்பாடுபோலச் சொல்ல வைக்கிறோம்.

நீலத் திரை தோன்றினால் அதிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பழுது பார்ப்பவருக்கு அது உதவும். ஆனால், "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று அலறும் பக்கம் வந்தால் அது மோசடி. அழைத்தால் பணத்தைக் கறந்துவிடுவார்கள். அந்த இணைய உலாவியை டாஸ்க் மேனேஜரில் மூடிவிடுங்கள்.

அடிக்கடி உறைந்தால் சூட்டைக் கவனியுங்கள். செம்மண் தூசி விசிறியை அடைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்று போகாது. இடி மின்னல் வரும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றுங்கள், இணையக் கம்பியையும் சேர்த்துத்தான்.

கடைக்குக் கொண்டு போக நேர்ந்தால், "பிள்ளையின் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு கை வையுங்கள்" என்று முதலில் சொல்லுங்கள். பழுது பார்க்கும் கூலியை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.